ஒட்டகம் வரும்வரை

வலக்கண்ணில் லென்ஸைச் செருகி, புருவத்தாலும் கன்னத்தாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் அந்த எஞ்சினை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புகிறார் கண்ணாடிக்காரர். அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். சக்கரத்தை நகத்தால் சுண்டுகிறார். புகைபோக்கியின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தும் பார்க்கிறார். சின்ன ரயில்கள் விற்கும் அந்தக் கடையின் உரிமையாளர் கைகட்டி நிற்கிறார். இந்தப் பரிசோதனை முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். முடிந்தபின் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

“நல்லா செஞ்சிருக்கான். ஆணி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது.”

“அப்போ கட்டிடவா சார்?”

“எதுக்கு? இந்த வண்டியை நூத்துக்கணக்குல செஞ்சு ஊரெல்லாம் ஓட விட்டிருக்காங்க. தெருவுல போற நாயைக் கூப்பிட்டு வீட்டுல வெச்சுக்கச் சொல்றீங்களா?”

நூற்றுக்கணக்கில் செய்யப்பட்ட அந்தப் பாவப்பட்ட எஞ்சின் பெட்டிக்குள் திரும்புகிறது. கண்ணாடிக்காரர் லென்ஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடக்கிறார். படியில் நின்று, திரும்பிப் பாராமலே ஒரு வாக்கியத்தை உதிர்க்கிறார்: “ஒட்டகம் வந்தா சொல்லுங்க.”

அவர் தலை மறைந்ததும் கடையில் கூடியிருக்கும் சின்ன ரயில் பிரியர்களுள் ஒருவர் கேட்பார்: “வராத வண்டி வந்துட்டுப் போயிடுச்சா?” அந்த வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். அவருக்கும் அது தெரியும். பட்டம் கிடைத்தவரைப்போல அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்.

அவருடைய ரசனைக்கு ஒரே விதிதான். ஓர் எஞ்சின் இரண்டாகச் செய்யப்பட்டிருந்தால் அதன்மேல் அவருக்குள்ள மதிப்புப் பாதியாகிவிடும். பத்தாகச் செய்யப்பட்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மழையிலும் வெயிலிலும் சுமை இழுத்து, ஊருக்கு உழைத்து, ஒழுங்காக ஓய்வு பெற்ற எஞ்சின்கள் அவரைப் பொறுத்தவரையில் வேலைக்காரக் கூட்டம். ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்டு, முதல் நாளே மானத்தை வாங்கி, செய்தவர்களே வெட்கப்பட்டு உடைத்துப் போட்ட எஞ்சின் என்றால் மட்டும் அவர் குரல் தழதழக்கும். “ஓடினதுல என்னங்க இருக்கு? ஓடாததுலதான் விஷயமே இருக்கு” என்பார்.

இந்த மனிதர் பிழைப்புக்கு மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கடையில் அவர் வேறு ஆள். கண்ணாடிச் சட்டங்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். யாராவது ஒரு பெண்மணி, “இதே மாதிரி, ஆனா கொஞ்சம் ஓவலா, ஓரத்துல மட்டும் பழுப்பு நிறமா வராதுங்களா?” என்று கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் துடைதுணியைத் தட்டி வைப்பார். “இருக்கறதுல ஒண்ணைப் பாத்து எடுங்கம்மா. இல்லாததையே கேட்டுக்கிட்டு நின்னா, கண்ணு தெரியாமத்தான் வீட்டுக்குப் போகணும்.” அந்தப் பெண்மணி இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு, இல்லாததைக் கேட்பதற்காக ரயில் கடைக்குப் போவார்.

வீட்டில் ஒரு கூடமும் ஓர் அறையும் இருக்கின்றன. அறையை ஒரு மேஜை விழுங்கிவிட்டது. சுவரோரமாக உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நகர்ந்தால்தான் அதைச் சுற்றி வர முடியும். கெட்டியான பலகை, உறுதியான கால்கள். நாலு பேர் ஏறி நின்றாலும் அசையாது. அதன்மேல் ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை, ஒரு பாலம், விரல் உயரப் பயணிகள் காத்திருக்கும் ஒரு நிலையம். சுற்றிலும் தண்டவாளம். நிலையத்தையொட்டி நேராக ஒரு கை நீளம் ஓடுகிறது. அப்புறம் வளைவு, அதற்கப்புறம் வளைவு, அதற்கும் அப்புறம் வளைவு. பெட்டிகள் வந்து நிற்கின்றன. எஞ்சின் மட்டும் இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பயணிகள் கையில் பெட்டியோடு நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவராவது உட்காரவில்லை.

நிலையத்தின் நுழைவாயிலில் ஒரு கைகாட்டி இருக்கிறது. சிவப்புக் கை நீட்டியபடியே நிற்கும். மேஜை ஓரத்தில் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தினால் அந்தக் கை கீழே இறங்கும். வண்டி உள்ளே வரலாம் என்று பொருள். ஞாயிறுதோறும் கண்ணாடிக்காரர் அந்த நெம்புகோலுக்கு எண்ணெய் விடுகிறார். ஆனால் அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. “வண்டி வராம கைகாட்டி இறங்கக் கூடாது. அது விதி.”

அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரத்தில் இரண்டு மாலைகளாவது அக்காள் வீட்டில் காப்பி குடிக்காவிட்டால் அவருக்குத் தலைவலி வரும். ஒருநாள் விளையாட்டாக ஒரு பெட்டியை விரலால் தள்ளி, வாயால் ‘குப்குப்’ என்று ஒலி எழுப்பிக்கொண்டே குகைக்குள் செலுத்தினார். கண்ணாடிக்காரர் அடிபட்டவர்போல அலறினார்.

“கையை எடு மாப்ள! கையால தள்ளினா அது ரயில் இல்ல, பொம்மை!”

“என் லிஃப்ட்டாவது மேல போகுது, கீழ வருது. உங்க ரயில் எங்கதான் போகுது அத்தான்?”

“நீ கம்பியில தொங்கற ஆளு. உனக்குத் தண்டவாளம் புரியாது.”

“தண்டவாளம் புரியுது. எஞ்சின் எங்கன்னுதான் புரியல.”

எஞ்சின் எங்கே என்று கேட்டவர் தப்பியதில்லை. கண்ணாடிக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்வார்.

ஒட்டகம் என்பது பணிமனைத் தொழிலாளர்கள் அந்த எஞ்சினுக்கு வைத்த பெயர். முதுகில் ஒரு நீர்த்தொட்டி திமில்போலப் புடைத்திருந்தது. அதை வடிவமைத்த தலைமைப் பொறியாளருக்கு உலகத்துக்கே பாடம் நடத்தும் எண்ணம் இருந்தது. மற்ற எஞ்சின்களில் சக்கரங்கள் வளைவுக்கு ஏற்பச் சற்று அசைந்து கொடுக்கும். அவரோ பத்துச் சக்கரங்களையும் விறைப்பான ஒரே சட்டத்தில் இறுக்கிப் பூட்டினார். பெரிய மனிதர்கள் முன்னிலையில் வெள்ளோட்டம் நடந்தது. நேர்ப்பாதையில் ஒட்டகம் பறந்தது. பணிமனைக்கு வெளியே இருந்த முதல் வளைவில், திரும்புவது என்ற ஒன்று உலகில் இருப்பதையே அறியாததுபோல, தண்டவாளத்தை விட்டு நேராக இறங்கி மண்ணுக்குள் போய் நின்றது. தூக்கி வைத்தார்கள். மறுபடியும் இறங்கியது. பெரிய மனிதர்கள் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

கதையின் இந்த இடத்துக்கு வரும்போது கண்ணாடிக்காரரின் கண்கள் பளபளக்கும். “கடைசியில கயிறு கட்டி, ஆளுங்க எல்லாம் சேர்ந்து கையால இழுத்துக்கிட்டே ஷெட்டுக்குக் கொண்டுபோனாங்க. அதுதான் அதோட கடைசிப் பயணம். பயணம்னா அதுங்க பயணம்!”

எஞ்சியிருப்பது அந்த ஒரே புகைப்படந்தான். அதிலும் ஒட்டகத்தின் முன்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் தொப்பி அணிந்த பருமனான ஒருவர், மிக முக்கியமான ஒரு குழாய் வளைந்து கீழே இறங்கும் இடத்தை வயிற்றால் மறைத்துக்கொண்டு புன்னகைக்கிறார். கண்ணாடிக்காரருக்கு இந்த உலகில் பகைவர் என்று ஒருவர் உண்டு என்றால் அவர்தாம். “ஒரு அடி தள்ளி நின்னிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் இவனுக்கு? திங்கறதைக் குறைச்சிருக்கலாம்ல?” செத்துச் சாம்பலாகியிருக்கும் அந்த மனிதர் நாள்தோறும் இந்தத் திட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே நிற்கிறார்.

கூடத்தில் தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டிக்கொண்டிருக்கும் மனைவிக்கு இந்தக் கதை மனப்பாடம். அவர் தையற்காரர். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பார். அளவுநாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும். கூடத்தில் தையல் இயந்திரம் போக மிஞ்சிய இடத்தில் மேஜை போட வழியில்லை. எனவே துணியைத் தரையில் விரித்து, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து வெட்டுவார். எழுந்திருக்கும்போது முழங்கால் முனகும். சில நாள்களில் அவரும் முனகுவார்.

“என்னங்க, அந்த மேஜையில ஒரு ஓரமாவது குடுங்களேன்.”

“எந்த ஓரம்? இந்தப் பக்கம் பாலம். அந்தப் பக்கம் நிலையம். நடுவுல மலை. பயணிகளை இறங்கச் சொல்லவா?”

இப்படித்தான் ஒருநாள், வாக்குவாதம் முற்றி, மைத்துனர் காப்பிக் கோப்பையோடு நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்காரர் அந்த வாக்கைக் கொடுத்தார்: “ஒட்டகம் வரட்டும். வந்து இந்த மேஜையை ஒரே ஒரு சுத்து சுத்தி, என் நிலையத்துல வந்து நிக்கட்டும். அன்னைக்கே தண்டவாளத்தைப் பேத்துட்டு மேஜையை உன்கிட்ட குடுத்துடறேன். உன் தம்பிதான் சாட்சி!” ஒட்டகத்தை யாரும் செய்யப்போவதில்லை என்ற உறுதி அந்த வாக்கின் ஒவ்வோர் எழுத்திலும் இருந்தது. மனைவி அளவுநாடாவைச் சுருட்டி எடுத்து வைத்தார்.

பிறகு ஒரு மருத்துவமனையிலிருந்து மனைவிக்கு வாய்ப்பு வந்தது. படுக்கைகளுக்கு நடுவே தொங்கும் தடுப்புத் திரைகளை வருஷம் முழுக்கத் தைத்துத் தரும் வேலை. துணிப் பிரிவின் மேற்பார்வையாளரான ஓர் அம்மாள் நேரில் வந்து பார்த்தார். தையலைப் பார்த்துத் தலையசைத்தார். தரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “உங்க கை சுத்தமா இருக்கும்மா. ஆனா தரையில போட்டு வெட்டற துணியை நாங்க நோயாளிகிட்ட கொண்டுபோக முடியாது. ஒரு நல்ல மேஜை வந்ததும் சொல்லுங்க.” அப்போது அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கண்ணாடிக்காரர் நெம்புகோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி அன்று சண்டை போடவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, “இந்த ஒட்டகத்தைச் செய்யணும்னா யாருகிட்ட கேக்கணும்?” என்றார்.

சின்ன ரயில்களைச் செய்யும் ஒரு நிறுவனம் வருஷந்தோறும் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும்: அடுத்து எந்த எஞ்சினைச் செய்யலாம்? போனில் போட்டுவிடலாம். ஒட்டகத்துக்கு ஆண்டுதோறும் ஒரே ஒரு வாக்குத்தான் விழும். அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. வாக்கோடு நில்லாமல் அவர் நிறுவனத்துக்கு அறிவுரையும் எழுதுவார். சின்ன எஞ்சின்கள் மேஜை வளைவுகளில் திரும்ப வேண்டும் என்பதற்காக, நடுச்சக்கரங்களை, தண்டவாளத்தைக் கவ்வும் விளிம்பில்லாமல் வழவழவென்று செய்வது அந்தத் தொழிலில் வழக்கம். அது திருட்டுத்தனம், அசலுக்குச் செய்யும் துரோகம், பத்துச் சக்கரங்களும் அசலைப்போலவே விறைப்பாக இருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் அவர் வற்புறுத்தி வந்தார்.

அந்த ஆண்டு வாக்கெடுப்புத் தொடங்கியதும், தைத்த துணியை வாங்க வந்தவர்கள் ஒரு புதிய நடைமுறையைச் சந்தித்தார்கள்.

“துணி தயாரா இருக்கு. முதல்ல போனை எடுங்க.”

“எதுக்குக்கா?”

“ஒரு ஓட்டுப் போடணும்.”

“யாருக்கு?”

“ஒட்டகத்துக்கு.”

“அது எந்தக் கட்சியோட சின்னம்?”

“எங்க வீட்டுக் கட்சி. போடுங்க, பொத்தான் இலவசமா தெச்சுத் தர்றேன்.”

சீருடை வாங்க வந்த தாய்மார்கள் போட்டார்கள். கூட வந்த கணவன்மார்களையும் போட வைத்தார்கள். தம்பியும் சும்மா இருக்கவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்று, மக்கள் கூடிப் புலம்பும்போது, கையில் ஸ்பானரோடு, “எல்லாரும் ஒரு ஓட்டுப் போட்டுட்டீங்கன்னா சட்டுனு எறக்கிடலாம்” என்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் போட்டார்கள்.

ஒட்டகம் முதலிடத்தில் வந்தது. தொலைவிலிருந்த நிறுவனம் திகைத்துப்போய், மறைந்துபோன இந்த எஞ்சின்மீது மக்கள் கொண்டிருக்கும் பேரன்பைக் கண்டு நெகிழ்வதாக அறிவித்தது. நீண்டகால ரசிகர் ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பத்துச் சக்கரங்களையும் அசலைப்போலவே விறைப்பாகச் செய்வதாகவும் சொன்னது.

கடைக்காரர் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது கண்ணாடிக்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் முகத்தில் முதலில் வந்தது பெருமிதம். “நான் எழுதினதைப் படிச்சிருக்காங்க. புத்தி வந்திருக்கு.” அடுத்த நொடியே அது வாடியது. “இத்தனை பேருக்கா ஒட்டகத்தைத் தெரியும்? அப்போ நாளைக்கு வீட்டுக்கு வீடு ஒட்டகம் நிக்குமா?” அன்று அவர் படியில் நின்று எதையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது?

வீட்டுக்கு வந்து, நிறுவனம் வெளியிட்ட மாதிரிப் படத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு திரும்பியது. குறை கிடைத்துவிட்டது.

“பச்சை சரியில்ல.”

மைத்துனர் சுவரைப் பார்த்தார். “உங்க போட்டோவே கறுப்பு வெள்ளைதானே அத்தான்?”

“கறுப்பு வெள்ளையிலயும் பச்சை தெரியும். பாக்கத் தெரிஞ்சவனுக்கு.”

“அப்போ அந்தத் தொப்பிக்காரர் சட்டை என்ன கலர்?”

“அவனைப் பத்திப் பேசாத.”

அந்த வாரமே அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். ஒட்டகம் பெரிய விஷயமில்லை. ஒட்டகத்தையாவது செய்து பார்த்தார்கள். வரைபடத்தோடு நின்றுபோய், ஒரு திருகாணிகூடச் செய்யப்படாத எஞ்சின் ஒன்று இருக்கிறது. உண்மையான ரசனை உள்ளவன் கேட்க வேண்டியது அதைத்தான். மனைவி சீருடையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்: “அதுக்குப் பேரு வெச்சாங்களா, இல்ல அதுக்குள்ளயே கைவிட்டுட்டாங்களா?”

மனைவி மருத்துவமனைக்கும் போய் வந்திருந்தார். மேஜை எப்போது வரும் என்று மேற்பார்வையாளர் அம்மாள் கேட்டார். “ஒட்டகம் வந்ததும் வந்துடும்மா.” அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அன்போடு விசாரித்தார்.

கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒட்டகம் வந்தது. கடைக்காரர் தாமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்காமல் இருந்தால் தூக்கம் வராது என்றார். மைத்துனர் அதற்கு முன்பே வந்து காப்பியை முடித்திருந்தார். மறுநாள் காலை மேற்பார்வையாளர் அம்மாள் மேஜையைப் பார்க்க வருவதாக இருந்தது. வேலையை வேறொருவருக்குக் கொடுப்பதற்குமுன் கடைசியாக ஒருமுறை வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மனைவி அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அறைக் கதவில் சாய்ந்து நின்றார்.

கண்ணாடிக்காரர் லென்ஸைச் செருகினார். திமில் இருந்தது. பத்துச் சக்கரங்கள் இருந்தன. தொப்பிக்காரர் மறைத்திருந்த குழாய், யாரோ ஊகித்துச் செய்த வளைவோடு, இருந்தது. அதை மட்டும் நெடுநேரம் பார்த்தார். “தப்புன்னு நிரூபிக்க முடியாது” என்று ஒப்புக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

ரயில் பெட்டிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். கைகாட்டியின் சிவப்புக் கை நீண்டிருந்தது. “சுத்தி வந்ததும் இறக்கறேன்” என்று அறிவித்துவிட்டு விசையைத் திருப்பினார்.

ஒட்டகம் நகர்ந்தது. பெட்டியோடு நின்றிருந்த பயணிகளைக் கடந்து, நிலையத்தையொட்டிய நேர்ப்பாதையில் பட்டுப்போல வழுக்கிச் சென்றது. கடைக்காரர் தம்மை அறியாமல் “ஆஹா” என்றார். முதல் வளைவு வந்தது. ஒட்டகம் அதைக் கவனிக்கவில்லை. தண்டவாளத்தை விட்டு நேராக இறங்கி, மலையடிவாரப் புல்லில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. சக்கரங்கள் காற்றில் சுழன்றன.

தூக்கி வைத்தார். மறுபடியும் இறங்கியது. திருப்பி வைத்து எதிர்த்திசையில் விட்டார். அந்தப் பக்கத்து முதல் வளைவில் அந்தப் பக்கம் இறங்கியது.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “சார்… பெட்டியிலேயே போட்டிருக்கான், பெரிய கூடங்கள்ல அகலமான வளைவு வெச்சிருக்கறவங்களுக்குத்தான்னு. நடுச்சக்கரத்துக்கு விளிம்பு இல்லாம செஞ்சிருந்தா இங்கயும் ஓடியிருக்கும். யாரோ ஒரு ரசிகர்தான் கூடவே கூடாதுன்னு…” அந்த ரசிகரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த முகத்தைத்தான் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டகம் வளைவில் திரும்பாது என்பதை உலகில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அறையின் அளவுக்குத் தண்டவாளத்தை நெருக்கி வளைத்தவரும் அவரே. இரண்டும் ஒரே தலைக்குள் இத்தனை காலம் குடியிருந்தும், ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இப்போது சந்தித்தன. கண்ணாடிக்காரர் நாணிக் குறுகுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் துள்ளிக் குதித்தார்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா! அசல்! அப்படியே அசல்! முதல் வளைவுலயே! இதைவிட உண்மையா ஒருத்தன் செய்ய முடியுமா?”

மைத்துனர் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது, கண்ணாடிக்காரருக்கு இன்னோர் உண்மை புலப்பட்டது. அவர் குரல் தணிந்து, சட்டம் பேசுபவரின் குரலாயிற்று.

“ஆனா ஒண்ணு. ஒரு சுத்து வரலையே. ஒரு சுத்து வந்து நிலையத்துல நின்னாத்தானே பேச்சு? இது எப்பவுமே வராது போலிருக்கு. நான் என்னம்மா பண்றது?”

மைத்துனரின் சிரிப்பு பட்டென்று நின்றது. “அத்தான், அக்கா நாளைக்கு அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்லும்?”

“விதின்னா விதிதான் மாப்ள.”

மனைவி கதவிலிருந்து நிமிர்ந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து மேஜையருகே வந்தார். புல்லில் கிடந்த ஒட்டகத்தை எடுத்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த பச்சைத் தூளை ஊதிவிட்டு, நிலையத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் வைத்தார். திமிலின்மேல் இரண்டு விரல்களை வைத்தார்.

“கையால தள்ளினா அது ரயில் இல்ல, பொம்…”

“அசலை ஆளுங்க கையாலதானே இழுத்துக்கிட்டுப் போனாங்க? பயணம்னா அதுதான் பயணம்னு நீங்கதானே சொல்லிச் சொல்லி என் காதைத் துளைச்சீங்க?”

கண்ணாடிக்காரர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் மைத்துனர் பக்கம் திரும்பினார். சாட்சி கைகட்டி நின்றார். சுவரில் தொப்பிக்காரர் மட்டும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒட்டகம் புறப்பட்டது. ஊசிக்குக் கீழே துணியைச் செலுத்தும் விரல்கள் அதை நேர்ப்பாதையில் செலுத்தின. வளைவு வந்ததும் லேசாகத் தூக்கி, சக்கரம் சக்கரமாகத் திருப்பி வைத்தன. முழங்கால் முனகியது, மனைவி நிற்கவில்லை. பாலத்தைக் கடந்தார். குகையின் ஒரு வாயில் எஞ்சினை விட்டு, கையை மறுவாயில் நுழைத்து எடுத்தார். அவரோடு கூடவே, சுவரில் உரசிக்கொண்டு, கண்ணாடிக்காரரும் நகர்ந்துகொண்டிருந்தார். நகர்வதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. “மெதுவா… வளைவுல மெதுவா… திமிலை அழுத்தாத… கைப்பிடிக் கம்பி, கைப்பிடிக் கம்பி…”

கடைசி வளைவும் முடிந்தது. நிலையம் தெரிந்தது. மனைவி ஒட்டகத்தைக் கைகாட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்புக் கை நீண்டிருந்தது. அதைத் தாண்டி ஒரு நூலிழைகூடத் தள்ளவில்லை. விரல்களை எடுக்காமல், நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் சட்டைப்பையைத் துழாவி லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகினார். எஞ்சினைப் பார்த்தார். சக்கரங்களைப் பார்த்தார். அந்த இரண்டு விரல்களைப் பார்த்தார். பிறகு, லென்ஸைக் கழற்றாமலே, மேஜையின் ஓரத்தைக் கையால் தடவித் தேடி, நெம்புகோலை அழுத்தினார்.

கைகாட்டி இறங்கியது.